பன்னிரண்டு சீட்டு

ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கணும் என்றார்கள்.
தார்ரோட்டில் போனால் ஒன்றரை.
ஏரிக்கரை மேல் நடந்தால்
என் காலுக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து எட்டு.
மூன்று தடவை எண்ணினேன்.
மூன்றாம் தடவை நாய் துரத்தி
எண்ணூறிலேயே நின்றது கணக்கு.

இ-சேவை மையத்துப் பையன்
திரையில் ஒரு சிவப்புப் புள்ளியை
எங்கள் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி
சௌடம்மன் கோயில் பக்கம் வைத்தான்.
"இப்ப உள்ள வந்துட்டீங்கக்கா."
அறுபது ரூபாய்.
வீடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

பிறப்புச் சான்றில் ஹேமதர்ஷினி.
ஆதாரில் ஏமதரிசனி.
ரெண்டும் ஒரே பிள்ளைதானா என்று கேட்டார்கள்.
பிள்ளை அப்போது மேசைக்கு அடியில்
என் செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
ஒரே பிள்ளைதான் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

வருமானச் சான்றுக்குப் போனபோது
வீட்டுக்காரர் என்ன வேலை என்றார் வி.ஏ.ஓ.
மாங்கூழ் பேக்டரி, நாலு மாசம்.
மீதி எட்டு மாசம்?
சொல்லத் தொடங்கினேன்.
அவர் பேனாவை மூடிவிட்டார்.

குலுக்கல் அன்று
காவேரிப்பட்டணத்துக்கே நாங்கள்தான் முதலில் எழுந்திருப்போம்.
நர்சரி பள்ளி வாசலில் மூன்று மஞ்சள் வேன்.
மூன்றின் டயரையும் தொட்டுப் பார்த்தாள்.
உள்ளே நாற்பத்தொரு விண்ணப்பம், பன்னிரண்டு சீட்டு.
உட்கார்கிற சீட்டும்
மடித்துப் போடுகிற சீட்டும்
ஒரே சொல்லாக இருப்பது
அன்றைக்குத்தான் உறைத்தது.

ரோஸ் கலர் பிளாஸ்டிக் வாளி.
"சின்னப் பிள்ளை யாராவது எடுக்கட்டும்,
அப்பத்தான் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க"
என்றார் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்.
யாரும் கூப்பிடுவதற்கு முன்னே
என் மகள் எழுந்து போய் நின்றிருந்தாள்,
கழுத்து அரிக்கும் புது கவுனோடு.

தோள்பட்டை வரை கையை விட்டு எடுத்தாள்.
ரித்தின், தகப்பன் பெயர் மாதையன்.
அப்புறம் அஃப்ரீன் பானு.
அஃப்ரீனின் அம்மா ஓடிவந்து
என் மகளின் கையில் முத்தம் கொடுத்தாள்.
ஐந்தாவதுக்குள் பழகிவிட்டது:
கலக்குவாள், நிறுத்துவாள், கூட்டத்தைப் பார்ப்பாள்,
பிறகுதான் எடுப்பாள்.
யாரோ சாக்லேட் கொடுத்தார்கள்.
ராசியான கை என்றார்கள்.
நான் நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சௌடம்மா, ஆ கைகே கொடு, ஆ கைகே கொடு என்று
வீட்டுப் பேச்சான கன்னடத்தில் முணுமுணுத்தேன்.
தமிழில் கேட்டால்
எல்லோருக்கும் கேட்டுவிடும்.

பன்னிரண்டாவதைத் தரமாட்டேன் என்றாள்.
முஷ்டிக்குள் வைத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.
"குடு பாப்பா."
"இது என்னுது."
எனக்கு மூச்சு
உள்ளே போனது வெளியே வரவில்லை.
அவர் குனிந்து
ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

சர்வேஷ், தகப்பன் பெயர் பச்சியப்பன்.

எல்லோரும் கை தட்டினார்கள்.
அவளும் தட்டினாள்.
வாளியில் இன்னும் இருபத்தொன்பது தாள் இருந்தது.
அதில் ஏதோ ஒன்றில் அவள் இருந்தாள்,
நாலாக மடித்தபடி.

ஏரிக்கரை மேலேயே திரும்பினோம். எண்ணவில்லை.
"எல்லாரையும் நான்தானே ஸ்கூல்ல சேத்தேன்?"
ஆமாம் என்றேன்.
"சாக்லேட் உனக்குப் பாதி" என்றாள்.
வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து திம்மராயன் வந்தார்,
முழங்கை வரை மாம்பழ வாசம்.
என்னாச்சு என்று என் முகத்தைப் பார்த்தார்.
நான் சொல்வதற்குள்
அவள் தண்ணி வாளியைக் கவிழ்த்துத் துடைத்து
புளியங்கொட்டைகளைப் போட்டுக் கொண்டுவந்து நின்றாள்.
"எடுப்பா."
எடுத்தார்.
"பிரி. யார் பேருன்னு பாரு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது.
விளக்குக்கு நேராகப் பிடித்து
நகத்தால் கீறிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.